நுரை

முய்னாக்கில் கடல் இல்லை.
மீன் பொறித்த ஊர்ப்பலகை இருக்கிறது,
மணலில் சாய்ந்த கப்பல்கள் இருக்கின்றன.
நூக்கூஸிலிருந்து மூன்று மணி நேரம்
மடியில் ஐஸ் பெட்டியோடு வந்திருந்தேன்,
அறுபது பேரின் இரத்தம் வேண்டி.

நாற்பத்தொன்றாம் எண், ஒரின்பாய்.
கப்பல் அறுத்து இரும்பு விற்றவர்.
"சர்க்கரை எத்தனை வருடமாய்?"
"மகன் கஜகஸ்தான் போன வருடத்திலிருந்து."
அது எந்த வருடம் என்று
எனக்குத் தெரியும் என்பதுபோல் சொன்னார்.

பூட்ஸைக் கழற்றச் சொன்னேன்.
வலது பூட்ஸின் அடியில் ஓர் ஆணி, முனை உள்நோக்கி.
எத்தனை நாள் நடந்தாரோ அதன்மேல்.
உள்ளங்காலில் நாணயம் அளவு குழி.
எட்டிப் பார்த்தார்,
அண்டை வீட்டுக் கதவு
திறந்து கிடப்பதைப் பார்க்கிறவர்போல.

புண்ணில் பெராக்சைடு ஊற்றாதீர்கள்,
புதுச் சதையையும் தின்னும் என்கிறார்கள் இப்போது.
மருந்தகத்தில் அதுதான் இருந்தது.
நர்ஸ் பீபிகான் ஊற்றினாள்.
புஸ்ஸென்று பொங்கியது, வெள்ளை வெள்ளையாய்,
குழி நிரம்பி, குதிகால் வழிந்து, தரைவரை.
"கடல்" என்றார் ஒரின்பாய்,
சிரிக்காமல்.

பொங்குவது மருந்தல்ல, உங்கள் இரத்தம் என்றேன்.
கேட்டலேஸ் என்று ஒன்று
நொடிக்குப் பல லட்சம் தடவை
அந்த நஞ்சை உடைத்துப் போடுகிறது,
தண்ணீராக, காற்றாக.
"இன்று இவள் ஊற்றினாள். மற்ற நாளில்?"

மற்ற நாளில் நீங்களேதான்.
சர்க்கரை மிகுந்த செல்லில்
அடுப்பு தறிகெட்டு எரியும், பொறி பறக்கும்.
முதல் பொறியைப் பிடிக்கிறவனுக்குப் பெயர் நீளம்,
டிஸ்மியூட்டேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
அவன் பிடித்து மாற்றிக் கொடுப்பதும் பெராக்சைடுதான்,
இந்தப் பாட்டிலில் இருக்கிற அதே சரக்கு.
முடித்துவைக்கக் கேட்டலேஸ் வேண்டும்,
குளூட்டாத்தயோன் வாளியோடு வரவேண்டும்.
ஆனால் சர்க்கரை
காவல்காரன் கையிலேயே ஒட்டிக்கொள்கிறது.
பிசுபிசுத்த கையால் அவன் எவ்வளவு பிடிப்பான்?

ஜன்னலுக்கு வெளியே கப்பலைப் பார்த்தார்.
"துரு. முப்பது வருடம் அறுத்தேன் அதை.
மேலே தடிப்பாய்த் தெரியும்,
சுத்தியல் பட்டால் உள்ளே மாவு.
நானும் அப்படித்தானே?"

எங்கள் பேராசிரியரும் அதையே சொல்லுவார்.
உடலின் துரு.
நானும் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டிருக்கிறேன்.
அந்தக் கால் அடங்காமல்
நுரைத்துக்கொண்டே இருந்தபோது
அந்த வரி பொய்யாகிப் போனது.
இரும்பு எதிர்ப்பதில்லை.
எந்தக் கப்பலும்
தன் துருவைத் தானே கழுவ எழுந்ததில்லை.

இல்லை என்று மட்டும் சொன்னேன் அவரிடம்.
மீதியைச் சொல்ல வரவில்லை.

நூக்கூஸில் இரவு. நிறமானியின் பச்சை எண்கள்.
பலருக்கும் எல்லாமே சரிந்திருந்தது.
நாற்பத்தொன்றில் டிஸ்மியூட்டேஸ் பாதாளத்தில்,
கேட்டலேஸ் மட்டும்
நோயில்லாதவர்களையும் தாண்டி மேலே.
மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும்.
இது நல்ல சேதியா?
ஓட்டைப் படகில் ஒருவன்
வெறிகொண்டு தண்ணீர் இறைப்பது
நல்ல சேதி என்றால், ஆமாம்.

சராசரியைக் கெடுக்கிறது, எடுத்துவிடு என்றார் பேராசிரியர்.
எடுக்கவில்லை.
அடிக்குறிப்பில் நிற்கிறார் ஒரின்பாய்,
பெயரில்லாமல், ஒரு நட்சத்திரக் குறியோடு.

நேற்று பீபிகான் போனில் சொன்னாள்:
குழி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது,
மூடும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை.
பழைய லாரி ஒன்றின் பக்கக் கண்ணாடியைக்
கழற்றி வந்திருக்கிறாராம்.
பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு,
கண்ணாடியைத் தரையில் வைத்து,
தினமும் காலையில்
தன் உள்ளங்காலைப் பார்க்கிறாராம்.
கற்கண்டு போடாத தேநீர்
பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்க,
நிறைய நேரம்.